யோகலிங்கனார் கொம்பிரசர் தெரிந்த படலம்

வாழ்க யோகலிங்கனார்! கப்பல்கள் காவலின்றி உறங்கும் திருக்கோணமலைத் துறைநகரில், அன்புவழிபுரத்து ஒழுங்கை ஒன்றின் கோடியில், தகரக்கூரை வேய்ந்த கராஜ் என்னும் கோட்டைக்கு ஏகச் சக்கரவர்த்தி வாழ்க! திருகாணியின் உள்ளம் அறிந்த திறலோன், ஸ்பானர் பதினேழையும் உயர வரிசைப்படி சுவரில் தொங்கவிட்டு அவற்றுள் பத்தாம் இலக்கத்தை மட்டும் பயன்படுத்தும் அரிய கலையில் கரைகண்ட பெருந்தகை, வாழ்க, வாழ்க! இவர் பெருமையைச் சொல்லப் புகும் எனக்குக் காப்பாக, காற்றே, உன்னையே அழைக்கிறேன். நீ பனையோலையில் இரைகிறாய், பாய்மரத்தில் புடைக்கிறாய், பஸ் யன்னலில் பயணிகளின் தலைவாரலைக் கெடுக்கிறாய். எங்கும் இருக்கிறாய், யாரும் கேளாமலே இருக்கிறாய். அப்படிப்பட்ட உன்னைப் பிடித்து இரும்புக் குடம் ஒன்றில் அடைத்துக் குழாய் வழியே சீறவிடும் கொம்பிரசர் என்ற கருவியைத் தெரிந்தெடுக்க ஓர் ஆண்மகனுக்குப் பதினான்கு மாதம் சென்றது என்றால் நீயே சிரிப்பாய். சிரி, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மெல்லச் சிரி. அவர் மனைவி காதில் விழுந்தால் அந்த அம்மா அழுதுவிடுவார்.

மனைவி புஷ்பவதி உப்புவெளிப் பகுதியின் மருத்துவமாது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் போய்த் தாயையும் சேயையும் பார்ப்பது அவர் தொழில். அந்தத் தொழிலுக்குக் காலாக இருந்தது ஒரு ஸ்கூட்டர். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில், தேநீர் கொடுத்தபடி, ஒரு பாவமும் அறியாமல் அவர் இப்படிச் சொன்னார்: “இஞ்சருங்கோ, ஸ்கூட்டரில கால் வைக்கிற இடம் துரு பிடிக்குது. ஆரும் மெக்கானிக் பாஸிட்டக் குடுத்து ஒரு பெயின்ற் அடிப்பிப்பமோ?”

அவ்வளவுதான். எழுந்தார் யோகலிங்கனார்! தேநீர்க் குவளை அதிர, குசினிக் கதவு நடுங்க, மேசை மேலிருந்த ஈ தன் குடும்பத்தோடு இடம்பெயர, பின்வருமாறு முழங்கினார்: “என் கராஜ் இங்கே கொடியேறி நிற்க, என் மனையாளின் ஊர்தி இன்னொருவன் முற்றத்தில் கையேந்தி நிற்பதோ? ஒரு கிழமை! ஒரே ஒரு கிழமை அவகாசம் தருக! நானே உரித்து, நானே உரைத்து, நானே வர்ணம் பூசி, ஏழாம் நாள் மணமகள்போல் கொண்டுவந்து நிறுத்துவேன்!” சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை சுபவேளை பார்த்து ஸ்கூட்டரை எலும்பெலும்பாகக் கழற்றினார். பழைய வர்ணத்தை உப்புத்தாளால் உரைத்து வெள்ளி இரும்பு தெரியச் செய்தார். அதன் பிறகே, வர்ணத்தை விசிறக் காற்று வேண்டும், காற்றுக்குக் கொம்பிரசர் வேண்டும், கொம்பிரசர் தம்மிடம் இல்லை என்ற மூன்று பேருண்மைகள் அவருக்கு ஒருசேர விளங்கின. சாமான் இல்லாமல் சமையலுக்கு அடுப்பு மூட்டிய கதைதான்.

வேறொருவராயிருந்தால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கியிருப்பார். ஐயோ, வேறொருவர் வேறொருவர்தானே! நம் தலைவர் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றின் பொறுப்பாளராய் இருபத்தாறு ஆண்டு வீற்றிருப்பவர். எந்தக் களஞ்சியம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அங்கே ஒரு கடிதம் கிடக்கிறது. மூன்று கடைகளின் விலைமனு இல்லாமல் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றைக்கூட வாசற்படி தாண்ட விடாத வைராக்கியர் அவர். அவர் கையொப்பத்துக்குக் காத்திருந்து காத்திருந்து ஒரு கட்டுக் கயிறு உக்கிப்போனதென்றும், உக்கிய கயிற்றைக் கழித்துவிட அனுமதி கேட்கும் கடிதமும் அதே கையொப்பத்துக்குத்தான் இன்னும் காத்திருக்கிறதென்றும் ஊரில் கதை. அரசாங்கத்துக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதியா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட அந்த உத்தமர், நீல மட்டைக் கோவை ஒன்றைத் திறந்து, “வீட்டுப் பட்டறைக் கொள்வனவு, இலக்கம் ஒன்று” என்று தலைப்பிட்டார். கழற்றிய துண்டுகளைக் கராஜில் குவித்து நீலத் தறப்பாளால் மூடினார்; அன்றிலிருந்து புஷ்பவதி பஸ்ஸில் போனார்.

முதற் படையெடுப்பு தாஹிரின் ஹாட்வெயார் கடைமீது நிகழ்ந்தது. பிரதான வீதியில் இருபது வருடமாகக் கடை நடத்தும் தாஹிர், வந்தவர் யாரென்று அறியாமல் நேர்மையாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டார். “ஐயா, ஒரு ஸ்கூட்டர் அடிக்கிறதுக்கு இந்தச் சிவப்பு ஐம்பது லீற்றர் தாராளம். நம்மட ஊருக் காத்து ஈரம், அதால தண்ணி பிடிக்கிற கிண்ணம் ஒண்டையும் குழாயில பூட்டிக்கங்க. வேற ஒண்டும் வேணாம்.” இரண்டு நிமிடத்தில் முடிந்த கதை! அதை அப்படியே முடியவிட்டால் வீரம் எங்கே, விசாரணை எங்கே? யோகலிங்கனார் புருவம் உயர்த்தி, “வணிகனே, ஆராயாது கொள்பவன் நானல்லன்!” என்று அறிவித்து, கோவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். தாஹிர் அடுத்து வந்த ஆளுக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தார்.

ஆராய்ச்சி தொடங்கியது! இருபத்துநான்கு லீற்றர்க் குட்டியொன்று, எண்ணெய் கேளாதது, இடைசிறுத்தது, இனிய குரலது, ஒரு மட்காட் அடித்து முடியுமுன் மூச்சிழப்பது, களத்தில் முதலில் தோன்றியது. அதற்கெதிரே இருநூறு லீற்றர் மாமல்லன், கோபுரம்போல் நிமிர்ந்து, மும்முனை மின்சாரமே உண்பேன் என்று அடம்பிடித்து நின்றான். நம் தலைவர் வீட்டிலோ ஒருமுனை மின்சாரம், அதுவும் மா அரைக்கும்போது மின்விளக்கு கண்சிமிட்டும் வகை. இரண்டுக்கும் நடுவே, பெல்ற்றால் சுழலும் இரண்டு குதிரைவலுச் சிவப்பன், தாஹிர் முதல்நாளே காட்டிய அதே சிவப்பன், ஒன்றும் பேசாமல் நின்றான். இவற்றைச் சீர்தூக்க அமைந்த தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் தலைவர் யோகலிங்கனார், செயலாளர் யோகலிங்கனார், மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்யும் உறுப்பினரும் அவரே. பங்குனியில் அந்த மூன்றாமவர் முரண்டு பிடித்துக் கூட்டத்திலிருந்து எழுந்து போனதால் குழு ஒரு மாதம் கூடவில்லை. ஆனியில் விலைமனு தந்த கடைகளில் ஒன்று பூட்டப்பட்டது. மூன்று இரண்டாகிவிட்டதால், விதிப்படி, எல்லாம் மீண்டும் முதலிலிருந்து. இதையெல்லாம் ஒரு மனிதன் யாரும் கேட்காமல் தனக்குத்தானே செய்துகொண்டான் என்றால் நம்புவீர்களா? நான் அந்தக் கோவையைக் கண்ணால் கண்டேன், ஐயா.

இந்தப் பதினான்கு மாதமும் புஷ்பவதி என்ன செய்தார் என்று கோவையில் இல்லை. காலையில் பஸ்ஸில் நின்றபடி உப்புவெளிச் சந்தியில் இறங்கினார். தராசையும் பதிவேட்டையும் சுமந்து மணல் ஒழுங்கைகளில் நடந்தார். ஸ்கூட்டரில் பன்னிரண்டு வீடு பார்த்தவர் கால்நடையாய் ஐந்து வீடு பார்த்தார். குதிக்கால் வெடித்தது, முழங்கால் வீங்கியது. ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே கராஜ் வாசலில் நின்று, கோவையோடு இருந்த கணவரைப் பார்த்துச் சொன்னார்: “இண்டைக்கு ஒரு பிள்ளை, பிறந்து அஞ்சு நாள். பால் குடிக்கத் தெரியாமல் விடியத் தொடக்கம் கத்தியிருக்கு. தாய்க்காரி சின்னப் பெட்டை, அவளும் சேர்ந்து அழுதுகொண்டு இருந்தவள். பிள்ளையை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு காட்டிக் குடுக்க எனக்குப் பத்து நிமிசம். ஆனால் நான் நடந்து போய்ச் சேர மத்தியானம். வாற வியாழக்கிழமை நான் ஸ்கூட்டரிலதான் வேலைக்குப் போவன். அது எப்பிடி எண்டு நீங்கள் யோசியுங்கோ.”

கேட்டவுடன் நம் தலைவரின் நெஞ்சு உண்மையிலேயே சுட்டது. அதை நான் மறைக்கமாட்டேன். அன்றிரவு அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே குழுவை அவசரமாகக் கூட்டினார், மாறுபட்ட உறுப்பினரை மிரட்டி அடக்கினார், மூன்றே நாளில் முடிவும் எடுத்தார். அறுபத்திரண்டு பக்கம் எழுதித் தள்ளிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: சிவப்பு ஐம்பது லீற்றர், தண்ணீர் பிடிக்கும் கிண்ணத்தோடு.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தார். வெண்சட்டை தரித்து, நெற்றியில் திருநீறு துலங்க, கோவையைக் கேடயமாய் ஏந்தி, புள்ளிமான்கள் வாழைப்பழத் தோலுக்கு வழிமறித்து நிற்கும் பஸ் நிலையத்தைக் கடந்து, தாஹிரின் கடையை அடைந்தபோது இரண்டேமுக்கால். உள்ளே சிவப்பன் ஒருவனே எஞ்சி நின்றான். பாய்ந்து பற்றவேண்டிய நேரம். ஆனால் களஞ்சியக்காரர் பாய்வாரோ? தொடரிலக்கத்தைக் கோவையோடு ஒப்பிட்டார், குடத்தை விரலால் தட்டினார், பெல்ற்றை அமுக்கினார், அடியில் உருளும் சில்லுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று தரையில் குந்திப் பார்த்தார். எல்லாம் சரியென்று எழுந்து, தொண்டையைச் செருமி, “தாஹிர்!” என்று முழங்க வாய் திறந்தவரின் கண், சுவர் மணிக்கூட்டில் பட்டது. மூன்று மணி இரண்டு நிமிடம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம் பிறக்கும், நாலரைக்குத்தான் போகும்! திறந்த வாய் திறந்த வேகத்திலேயே மூடிற்று.

ராகுகாலத்தில் ஒரு சொல் சொன்னாலும் அது தொடக்கம்தான். “எடுத்து வையுங்கோ” என்றால் தொடக்கம், விரலால் சுட்டினால் தொடக்கம், தலையாட்டினாலும் தொடக்கமோ என்று அவருக்குச் சந்தேகம். பதினான்கு மாதம் பொறுத்த பொருளை இந்தத் தொண்ணூறு நிமிட அவசரத்தில் பாழாக்குவதா? ஒன்றும் சொல்லாமல், சிவப்பனுக்கு ஒரு முழம் தள்ளி, பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்தார். தாஹிர் ஏதும் கேட்கவில்லை. இவர் வருவதும், தட்டுவதும், குந்துவதும், கொஞ்சம் இருந்துவிட்டு எழுந்து போவதும் அவருக்குப் புதிதா என்ன?

மூன்றேகாலுக்குக் கடைக்குள் ஒரு பெண்மணி வேகமாக வந்தார். ஐம்பது வயது, முகத்தைச் சுற்றிய கறுப்பு முக்காடு, விரல் நகமெல்லாம் நீலப் பெயின்ற். கின்னியாவில் தன் வீட்டுப் பின்வளவில் ஓட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பெயின்ற் அடிக்கும் உம்மு குல்சும் அவர்.

“தாஹிர் நானா, என்ட கொம்பிரசர் இண்டைக்குச் சுபஹுத் தொழுகையோட நிண்டு போச்சு. ஒரு ஸ்கூட்டர் பாதியில நிக்கிது, நாளைக்குக் குடுத்தாகணும். வாக்குக் குடுத்திட்டன்.”

“அப்பிடி என்ன அவசரம்?”

“பாவம், தாஹிர் நானா, அந்த அம்மா. வருசம் ஒண்டுக்கு மேல வெயிலுக்குள்ள நடந்து திரியிறாவாம். கால் ரெண்டும் வீங்கி இரிக்கு. ஸ்கூட்டரைத் துண்டு துண்டா ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்து, ‘தங்கச்சி, இதை எப்பிடியாவது மனுசர் ஓடுற மாதிரி ஆக்கித் தாங்கோ’ எண்டு கண் கலங்கினவ.”

அறத்தின் பக்கம் நிற்பதற்கு ராகுகாலம் தடையில்லை. கதிரையில் இருந்த யோகலிங்கனாரின் இரக்கம் பொங்கி வழிந்தது. “ஏன் பிள்ளை, அந்தப் பொம்பிளைக்குப் புருசன் எண்டு ஒருத்தர் இல்லையோ?”

“இரிக்கார் ஐயா.”

“அவர் என்ன செய்யிறார்?”

“யோசிக்கிறாராம்.”

தாஹிர் திரும்பிக் கல்குலேட்டரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. யோகலிங்கனாரோ கதிரையின் கைப்பிடியை அறைந்து, கடை முழுதும் கேட்க நீதி வழங்கினார்: “சீ! இப்பிடியும் ஆக்கள் இருக்கினம்! கட்டின மனுசியை றோட்டில நடக்கவிட்டுப்போட்டு யோசிக்கிறாராமோ? அவரை என்னட்டை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாருங்கோ, நான் கதைக்கிறன்!”

“நீங்க நல்ல மனுசன் ஐயா” என்று மனதாரச் சொன்ன உம்மு குல்சும், அடுத்த மூச்சிலேயே திரும்பினார். “எத்தின லீற்றர் இது? அம்பதா? பெல்ற் போட்டதுதானே? காணும், போதும், இதைக் கட்டுங்க. அஸர் தொழுதிட்டு வேலை தொடங்கணும்.”

அந்தக் கணத்தில் நம் தலைவரின் உள்ளே மூண்ட போரை எந்த நாவால் சொல்வேன்! சிவப்பனின் சில்லு உருள்கிறது. “நிற்க, அது என்னுடையது!” என்று சொல் தொண்டை வரை வருகிறது. மணிக்கூடு மூன்று இருபது காட்டுகிறது. சொன்னால் தொடக்கம், சொல்லாவிட்டால் முடிவு! கால் எழும்புகிறது, ராகு அமுக்குகிறது. கை நீள்கிறது, கோவை தடுக்கிறது. மூன்று யோகலிங்கனார்களும் உள்ளே அவசரக் கூட்டம் கூடி, கூச்சலிட்டு, தீர்மானமின்றிக் கலைகிறார்கள். வெளியே இரண்டு பேர் சிவப்பனைத் தூக்கி ஓட்டோவில் வைத்துக் கயிறு போட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் கிண்ணம் ஒன்றையும் உம்மு குல்சும் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டோ கின்னியாப் பாலம் இருக்கும் திசையில் திரும்பி மறைந்தது. எல்லாமாக ஆறு நிமிடம் ஆகவில்லை.

நாலரை தாண்டி ஒரு நிமிடம் பொறுத்து, ஐயமற எழுந்த யோகலிங்கனார் அடுத்த தொகுதி எப்போது வருமென்று வினவினார். “சொல்ல ஏலாது ஐயா” என்றார் தாஹிர். வீட்டுக்கு வந்தவர் நடந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. கராஜில் நீலத் தறப்பாள் மூடிய குவியலின் எதிரே அமர்ந்து, வியாழன் வந்துவிடுமே என்று கவலைப்பட்டு, “கொள்வனவு, இலக்கம் இரண்டு” என்று எழுதித் தேதியும் இட்டார்.

புதன்கிழமை மாலை வாசலில் ஹோர்ன் ஒலித்தது. மயில்கழுத்து நீலத்தில், ஒரு கொப்புளம் இல்லாமல், ஒரு வடு இல்லாமல், முகம் பார்த்துத் தலைவாரலாம் என்று சொல்லும்படி மினுங்கிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் உள்ளே வந்தது. அதை ஓட்டிவந்தவர் உம்மு குல்சும். புஷ்பவதி குசினியிலிருந்து ஓடிவந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அதன் இருக்கையைப் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவினார். சத்தம் கேட்டு யோகலிங்கனாரும் கராஜிலிருந்து வெளிப்பட்டார், கையில் கோவையோடு.

“அட, நீங்க நேத்துக் கடையில இருந்த ஐயா இல்லியா!” என்று முகம் மலர்ந்த உம்மு குல்சும் புஷ்பவதியிடம் திரும்பினார். “அக்கா, இந்த ஐயா உங்களுக்காக எவ்வளவு கோவிச்சவர் தெரியுமா? உங்கட புருசனைக் கூட்டிக்கொண்டு வாங்க, நான் கதைக்கிறன் எண்டு...” சொல்லிக்கொண்டே போனவரின் பார்வை யோகலிங்கனாரின் வெறும் மேலுக்கும் இடுப்பில் கட்டிய சாரத்துக்கும், அவர் நிற்கும் கராஜ் வாசலுக்கும், பிறகு புஷ்பவதியின் முகத்துக்கும் போய்வந்தது. “அப்ப... யோசிக்கிறவர்...”

“ஓம் தங்கச்சி,” என்றார் புஷ்பவதி. “இவர்தான்.”

யோகலிங்கனார் மெல்லத் திரும்பிக் கராஜுக்குள் இருந்த நீலத் தறப்பாளைப் பார்த்தார். “அப்ப அதுக்குக் கீழ கிடக்கிறது என்ன?”

“தேங்காய் மட்டை. மூண்டு கிழமையா அந்தத் தறப்பாளைத் தூக்கி ஒருக்காப் பார்க்கேல்லை நீங்கள். அதுக்கு முன்னால இருந்து எழுதிக்கொண்டுதான் இருந்தனீங்கள். நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனனான்.”

புஷ்பவதி சத்தம் போடவில்லை; போட்டிருந்தால் யோகலிங்கனார் தாங்கியிருப்பார். வெட்கம் தாங்காமல் அவர் காது சிவந்தது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். துரு இருந்த இடமே தெரியவில்லை, தம்மால் ஒருபோதும் இப்படி அடித்திருக்க ஏலாது என்று அவருக்கே தெரிந்தது. ஆயினும் என்ன! காற்றே, இன்னும் ஒருமுறை அருகே வா! குடத்துள் அடையாதவளே, குதிரைவலுவுக்கு அடங்காதவளே, பதினான்கு மாதம் உன்னைத் துரத்திய வீரன் இதோ நிற்கிறார். அறுபத்திரண்டு பக்கத் தீர்ப்பும், மூன்று விலைமனுவும், மும்மூர்த்திக் குழுவும், இருபத்தாறு ஆண்டுக் களஞ்சிய மாட்சியும் அவர் நெஞ்சில் முரசறைய, அன்புவழிபுரம் அதிர, துறைமுகத்துக் கப்பல்கள் திடுக்கிட்டு விழிக்க, இவ்வுலகம் இதுகாறும் கேளாத ஒரு பிரகடனம் செய்ய வாய் திறந்தார். அப்போது புஷ்பவதி ஸ்கூட்டரில் ஏறியிருந்து, ஒரு காலை ஊன்றி, பின்னால் திரும்பிப் பார்த்து, “இதுக்குக் காத்துக் காணாது போல” என்றார்.

யோகலிங்கம் கோவையைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிள் பம்பை எடுத்துவந்து பின் ரயருக்குக் காற்றடித்தார்.